முன்னால் நிற்கிற ஏழு பேர்

நெடும்புனல் என்று ஒரு நாடு இருந்தது. எங்கே என்று தேடி அலைய வேண்டாம், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். பேரில்தான் புனல் ஓடியதே தவிர, நாட்டுக்குள்ளே வருஷத்தில் பாதி நாள் பானை கழுவத் தண்ணீர் கிடையாது.

அந்த நாட்டுக்கும் மேற்கே இருந்த கல்மேடு நாட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு அணை. மதகை முதலில் யார் திறந்துகொள்வது என்று அந்தக் காலத்தில் வெட்டுக் குத்து நடந்து, கடைசியில் ரெண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி ஒரு பந்தாட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆனி மாதக் கடைசியில் ஆட்டம். அணிக்கு எட்டுப் பேர், ஒரு பந்து. ஒருவர் எறிகாரர், எதிரணியின் தலைக்கு மேலே பந்தை எறிந்து கடைசிக் கோட்டுக்கு அப்பால் விழச் செய்ய வேண்டியவர். மற்ற ஏழு பேரும் மறிகாரர்கள். எதிரிகள் ஓடி வந்து எறிகாரர் மேல் விழாதபடி முன்னால் சுவராக நிற்க வேண்டியவர்கள். ஜெயித்த நாட்டுக்கு முதல் நாற்பது நாள் தண்ணீர். தோற்ற நாட்டுக்கு மிச்சம் மீதி.

ஆட்டம் நடப்பது என்னவோ அரை நாள்தான். அதைப் பற்றிய பேச்சு மீதி முந்நூற்று அறுபத்து நாலரை நாளும் நடக்கும்.

நெடும்புனல் மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. மூன்று வருஷமும் எறிகாரர் கையை ஓங்குவதற்குள் கல்மேட்டுக்காரர்கள் வந்து அமுக்கிவிட்டார்கள். ஆகவே எல்லாம் எறிகாரரைப் பொறுத்தது என்பதில் நாட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. யாரை வைப்பது என்பதில்தான் அடிதடி.

கொம்பையா நெடும்புனல் அணியின் மறிகாரர். வரிசையில் ஐந்தாவது இடம், பதினொரு வருஷ அனுபவம். மீதி நாளெல்லாம் ஒரு ஏக்கர் நெல் வயலுக்குச் சொந்தக்காரர். இந்த வருஷமும் தண்ணீர் பிந்தினால் வயலைத் தரிசு போட்டுவிட்டு, மனைவி இசக்கியம்மாளோடு பிழைப்புத் தேடி வெளியூர் போக வேண்டியதுதான் என்று முடிவாகியிருந்தது. அந்தக் கவலையில் ராத்திரி பகலாக அவர் யோசித்ததெல்லாம் ஒன்றுதான்: எறிகாரராக யாரைப் போடுவது?

வழி மூன்று இருந்தது. ஒன்று, பழைய எறிகாரர் ரத்னவேலுவையே வைத்துக்கொள்வது. இரண்டு, இளைஞர் கதிர்வாணன். மூன்று, கல்மேடு கழித்துவிட்ட சேனாபதியை அழைத்து வருவது. சவரக்கடையில் ஒரு பக்கக் கன்னம் மழித்தபடி எழுந்து நின்று சண்டை போட்டார்கள்.

"ரத்னவேலுக்குத் தோள்பட்டை போயி ரெண்டு வருசமாச்சு வே. சோத்தை வாய்க்குக் கொண்டுபோகவே அந்தாளுக்கு இன்னொரு கை வேணும்" என்பார் கொம்பையா.

"உம்ம கதிர்வாணன் மட்டும் என்னத்த எறிஞ்சு கிழிச்சான்? தேர் ஊர்வலத்துல பூவ எறிஞ்சதத்தானே வே நீரு பாத்தீரு?"

"பூவையே அம்புட்டுத் தூரம் எறியிறவன் பந்தை எம்புட்டுத் தூரம் எறிவான்? யோசிச்சுப் பாரும்!"

இசக்கியம்மாள் சேனாபதி கட்சி. "அவங்க வேண்டாம்னு தள்ளுனத நாம தலையில தூக்கி வைக்கணுமா?" என்று கொம்பையா கேட்டால், "அவங்க அருமை அவங்களுக்குத் தெரியல. உங்க அருமை எங்க அப்பனுக்குத் தெரிஞ்சுதான் என்னைக் கட்டி வச்சாரா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

களத்துறை அமைச்சர் பேரின்பநாயகம் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் ஏன் தூர் வாரவில்லை என்று ஒருவன் கேட்க ஆரம்பிக்கும்போது, பக்கத்தில் ஒருவன் "கதிர்வாணன்" என்று சொன்னால் போதும், கேட்டவனுக்குக் கேள்வி மறந்துவிடுகிறது என்பதை அவர் தம் கண்ணாலேயே கண்டார். உடனே முதல் ஆணை பிறந்தது. அரண்மனை முற்றத்தில் அவரே வாசித்தார்.

"மக்களின் விவாதம் நாட்டின் மூச்சு. அந்த மூச்சு சவரக்கடையில் வீணாவதை இந்த அரசு வேடிக்கை பார்க்காது. தெருவுக்கு ஒரு விவாதக் கொட்டகை எழுப்பப்படும். குடிமக்கள் தினமும் வந்து கையெழுத்திட்டு விவாதிக்க வேண்டும். அவரவர் எறிகாரருக்கு உரிய நிறத்தில் துண்டு வழங்கப்படும்."

மக்கள் கைதட்டினார்கள். தங்கள் பேச்சுக்கு அரசாங்கமே கூரை போட்டுத் தருகிறதென்றால் யாருக்குத்தான் மனசு குளிராது? தலைமைக் கொட்டகைக்கு இடம் போதாததால் அணி பயிற்சி செய்யும் மைதானத்திலேயே அதைக் கட்டினார்கள். மறிகாரர்கள் பயிற்சியை விட்டுவிட்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்தார்கள். கொம்பையாவுக்கு ரோஸ் நிறத் துண்டு, இசக்கியம்மாளுக்குச் சாம்பல் நிறத் துண்டு. ரெண்டும் ஒரே கொடியில்தான் காய்ந்தன. ஆனால் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டு.

மாசி மாதம் கொட்டகையில் ஒரு குறை கிளம்பியது. எறிகாரர் முகமே ஆட்டத்தில் தெரிவதில்லையாம், முன்னால் நிற்கிற ஏழு தடிப்பயல்கள் மறைத்துக்கொள்கிறார்களாம். அமைச்சர் நெஞ்சில் கை வைத்து உருகிப்போனார். "தங்கள் நாயகனின் திருமுகம் காண ஏங்கும் மக்களுக்கும் நாயகனுக்கும் நடுவே சுவரா? இந்த அரசு அதைச் சகிக்காது. மறிகாரர்கள் ஏழிலிருந்து ஐந்தாகக் குறைக்கப்படுவார்கள். அந்த இரண்டு இடங்களில் கொடி பிடிப்பவர் ஒருவரும், எறிகாரரின் பெருமையை உரக்கச் சொல்பவர் ஒருவரும் நிற்பார்கள். மக்களே கை தூக்கி முடிவு செய்யட்டும்."

ரத்னவேலு கட்சி இதை எதிர்த்தது. கிழவரின் முகத்தைப் பார்க்க யாருக்கும் ஆசை இல்லை என்பது அவர்களுக்கே தெரியும். ரத்னவேலு கட்சி எதிர்ப்பதாலேயே கதிர்வாணன் கட்சி ஆதரித்தது. கொம்பையா ஒரு நிமிஷம் தயங்கினார். மறிகாரரைக் குறைக்க மறிகாரரே கை தூக்குவதா என்று உள்ளே ஏதோ குத்தியது. அதற்குள் எதிர்வரிசையில் ஒருவன், "பாருங்க வே, ரோஸ் துண்டு நடுங்குது!" என்று சிரித்தான். அவ்வளவுதான், கொம்பையாவின் கை மேலே போய்விட்டது.

சுவரின் நடுவில் நின்ற இரண்டு பேரை எடுத்தார்கள். அதில் ஒருவர் பேச்சிமுத்து. பதினொரு வருஷமாகக் கொம்பையாவின் இடது தோளோடு தோள் உரசி நின்ற ஆள். மோதலில் கொம்பையா சரிந்தால் முட்டுக் கொடுப்பதும் அவர்தான்.

"நீ கை தூக்குனத நான் பாத்தேன் லே" என்றார் பேச்சிமுத்து. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"உன்னைத் தூக்குவாங்கன்னு சத்தியமா நெனைக்கல லே."

"நடுவுல நிக்கிறவன் நான். மொகத்த மறைக்கிறவன் வேற எவன் லே?"

கொம்பையாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கொட்டகையில் கதிர்வாணனைப் பற்றி யாரோ தப்பாகப் பேச, கொம்பையா கத்தின கத்தில் தொண்டை சரியாகிவிட்டது. மனுஷ மனசு அப்படித்தான், என்ன செய்ய?

சித்திரையில் அடுத்த ஆணை. உண்மையான எறிகாரருக்குச் சுவர் தேவையில்லை. சுவர் கேட்பது எறிகாரரின் வீரத்தைச் சந்தேகிப்பதாகும் என்றது அது. ஐந்து பேர் மூன்றானார்கள். காலியான இடங்களுக்குக் குடை பிடிக்க ஒருவரும், மாலையை வாங்கி வைத்துக்கொள்ள ஒருவரும் வந்தார்கள். இந்த முறை கொம்பையா எழுந்தே கேட்டார்.

"ஐயா, ஒரு சந்தேகம். கல்மேட்டுல ஏழு பேரு வருவான். நாங்க மூணு பேரு எப்படித் தாங்குறது?"

அமைச்சர் அன்பொழுகப் புன்னகைத்தார். "நல்ல கேள்வி. தாங்கள் எந்தத் துண்டு?"

"ரோஸ்ங்க."

"அப்படியென்றால் கதிர்வாணனால் முடியாது என்கிறீர்களா?"

"ஐயையோ, அப்படிச் சொல்லுவனா? அவரால முடியாட்டா வேற யாரால முடியும்!"

"பிறகென்ன?" என்றார் அமைச்சர். ரோஸ் துண்டுகள் ஆரவாரம் செய்தன. கொம்பையாவும் கைதட்டிக்கொண்டே உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தம் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது அவருக்கு உறைத்தது. திரும்ப எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஆனி பிறந்ததும் தேர்தல். பாலுக்கு அழுத பிள்ளையைக்கூட இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். கேலி செய்யாதீர்கள், வயல் வெடித்துக் கிடக்கிறவனுக்கு ஒரு பெயரையாவது நம்பத்தான் தோன்றும். எண்ணிப் பார்த்தால் மூவருக்கும் சரிசமமான வாக்கு. மறுபடி எண்ணினார்கள், மறுபடியும் சமம். அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மக்கள் மூவரையும் விரும்புகிறார்கள். மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு. மூவருமே எறிவார்கள். எட்டுப் பேர் என்ற விதியை மீற முடியாதாகையால், இரண்டு மறிகாரர்கள் நாட்டுக்காக விலகிக்கொள்வார்கள்."

மிஞ்சிய ஒரே மறிகாரர் கொம்பையா. யாருக்கும் தோல்வியில்லை என்பதால் நாடே அன்று பாயசம் குடித்தது. கொம்பையா வீட்டுக் கொடியில் துண்டுகளுக்கு நடுவே இருந்த ஒரு முழமும் போய்விட்டது.

"எனக்கு உள்ளுக்குள்ள பக்குபக்குன்னு இருக்கு" என்றாள் இசக்கியம்மாள், துண்டை மடித்தபடி. "தனியாளா எப்படி நிப்பீங்க?"

"பின்னால மூணு பேரு இருக்காங்களே" என்றார் கொம்பையா. அது தைரியமில்லை என்பது சொன்னவருக்கும் கேட்டவளுக்கும் தெரிந்தது.

ஆட்ட நாள். களத்தில் ஒரு பக்கம் கொடி, குடை, மாலை, புகழுரை, மூன்று எறிகாரர்கள், எல்லாருக்கும் முன்னால் கொம்பையா. எதிர்ப்பக்கம் ஏழு முதுகுகள் குனிந்து தயாராக நின்றன. அவற்றுக்குப் பின்னால் யாரோ ஒருவன் அவர்கள் பந்தை வைத்திருந்தான். சங்கு ஊதியதும் ஏழு பேரும் புறப்பட்டு வந்தார்கள். கொம்பையா இடது பக்கம் தோளைச் சாய்த்தார். பதினொரு வருஷப் பழக்கம். அந்தப் பக்கம் காற்றுதான் இருந்தது.

பின்னால் ரத்னவேலு, "வயசுக்கு மூத்தவன் நான்தான் முதல்ல எறியணும்" என்றார். கதிர்வாணன், "ஜனங்க என்னைத்தான் பாக்க வந்திருக்காங்க" என்றார். சேனாபதி பந்தைப் பிடித்து இழுத்தார். புகழுரை சொல்பவர் யார் பெயரைச் சொல்வதென்று தெரியாமல் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார். கொம்பையா ஒருவனைத் தடுத்தார். இன்னொருவனின் காலைக் கட்டிக்கொண்டார். மற்ற ஐந்து பேரும் அவரைத் தாண்டிப் போனார்கள். அவருடைய வலது காறை எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. பந்து நெடும்புனல்காரர் கையை விட்டு ஒரு தடவைகூட மேலே எழவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, கொம்பையா காலைக் கட்டியிருந்த அந்தக் கல்மேட்டு மறிகாரரே குனிந்து அவரைத் தூக்கினார். பெரிய உடம்பு, மூச்சில் வெற்றிலை வாசனை. "மெதுவா, மெதுவா. நல்லா நின்னீங்கண்ணே. உங்க எடத்துல நாங்க இருந்தா இம்புட்டு நின்னிருக்க மாட்டோம்" என்று சொல்லித் தம் தோளில் சாய்த்துக்கொண்டார்.

வலியிலும் கொம்பையாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "உங்க எறிகாரரு யாரு தம்பி? பேரு என்ன?"

அவர் தலையைச் சொறிந்தார். "இந்த வருசமா? முந்தாநாளுதான் ஒருத்தர நிறுத்துனாங்க. பேரு வாயில வரமாட்டேங்குது. யாரு நின்னா என்னண்ணே? முன்னால நிக்கிற ஏழு பேரும் பத்து வருசமா நாங்கதானே."

கொம்பையா அதைக் கேட்டு அழுதார். வலியினால் என்று நினைத்து அந்த மனிதர் நடையைத் தளர்த்தினார். வைத்தியர் வாசல் வரை தூக்கி வந்து விட்டுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கொம்பையா கொட்டகைக்குப் போனார். வழியில் தம் வயல் வரப்பில் அவர் நிற்கவில்லை. கொட்டகையில் அடுத்த வருஷத்து எறிகாரர் விவாதம் காலையிலேயே தொடங்கியிருந்தது. கொம்பையா மேடையேறி, தாம் கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னார். கல்மேட்டுக்காரனுக்குத் தன் எறிகாரன் பேரே தெரியாது. முன்னால் நிற்கிற ஏழு பேரை அவர்கள் பத்து வருஷமாக மாற்றவில்லை. நாம் தோற்றது அங்கேதான். பேச்சிமுத்துவும் கூட்டத்தில் இருந்தார். கொம்பையாவின் குரல் உடைந்தது. "நான் கை தூக்குனேன் சாமி. என் சுவத்த நானே இடிச்சேன்."

கிழவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இசக்கியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது மூலையில் ஒருவர் மெல்ல எழுந்தார்.

"அந்தப் பேரு தெரியாத எறிகாரன் இருக்கான்ல... அவன நாம கூட்டிட்டு வந்துட்டா என்ன?"

ஒரு நொடிதான். அதற்குள் கொட்டகை பொங்கிவிட்டது. பேரே தெரியாமல் ஜெயித்தவனுக்குப் பேரும் வந்துவிட்டால் எப்படி இருப்பான்! புதுத் துண்டுக்கு என்ன நிறம் என்று ஒரு பக்கம் சண்டை ஆரம்பித்தது. நூறு கைகள் மேலே எழுந்தன.

"எறிகாரன் இல்ல வே!" என்று கொம்பையா கத்தினார். "அந்த ஏழு பேரு! அந்த ஏழு பேரு மாதிரி நமக்கு வேணும்னு சொல்றேன்!"

கொட்டகைப் பதிவாளர் நியாயமான மனிதர். கையமர்த்திக் கூட்டத்தை அடக்கினார். புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கொம்பையாவைப் பார்த்தார்.

"தங்கள் கோரிக்கையையும் எழுதிக்கொள்கிறேன், ஐயா. பெயரில்லாமல் எழுத விதியில்லை. அந்த ஏழு பேரில் யாராவது ஒருவர் பெயர் சொல்லுங்கள். தங்களைத் தூக்கிக்கொண்டு போனாரே, அவர் பெயர் சொன்னால்கூடப் போதும்."

கொம்பையா வாயைத் திறந்தார். அந்தத் தோளின் அகலம் நினைவிருந்தது. வெற்றிலை வாசனை நினைவிருந்தது. அண்ணே என்று அழைத்த குரல்கூடக் காதில் இருந்தது. வைத்தியர் வாசல் வரைக்கும் அத்தனை தூரம் சுமந்து வந்தவரிடம் அவர் கேட்டது எறிகாரர் பெயரை மட்டும்தான்.

பதிவாளர் கொஞ்ச நேரம் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, "அடுத்தவர்" என்றார்.