கிழக்குக் குட்டைக்குப் போக வாங்கிய மூன்று விளக்குகள்

ஓடைக்கரை வீடு,
தென் லூசியானா,
நவம்பர் 14

மதிப்பிற்குரிய மைத்துனர் குளோவிஸ் சவ்வா அவர்களுக்கு, தியோஃபில் ஆர்சனோ பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் தங்கள் தங்கை வெர்லியும், எங்கள் இருவருக்கும் சேர்த்து உள்ள நான்கு முழங்கால்களில் மூன்றைத் தவிர, மற்றபடி சௌகரியம். அங்கே போமாண்டில், மகள் வீட்டில், தாங்களும் தங்கள் கட்டுப் போட்ட கண்ணும் அதேபோல் சௌகரியமாக இருக்கவேண்டும் என்பது எங்கள் விருப்பம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். ஒரு மாதத்துக்குக் குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் அல்லவா? போனில் விஷயத்தைச் சொன்னால் மூன்றாவது நிச்சயம் மீறப்படும். கடிதம் என்றால் எலெய்ன் வாசிப்பாள். எலெய்னம்மா, அப்பா நாற்காலியை விட்டு எழுந்தால் வாசிப்பதை உடனே நிறுத்திவிடு.

சொல்லப்போவது வரிசையாக:

1. தங்கள் படகு முழுசாக இருக்கிறது.
2. படகுக்கு மூன்று விளக்குகள் வாங்கினேன். அவற்றைத் தேர்ந்தெடுத்த முறை.
3. வாத்து வேட்டைப் பருவத்தின் முதல் நாள் விடியுமுன் நடந்தவை.
4. டட்லி தெரியோவை ஒருபோதும் நம்பக்கூடாது.
5. கிழக்குக் குட்டை இப்போது யாருடையது.

ஐந்தாவதைத்தான் முதலில் வாசிக்கச் சொல்வீர்கள். எலெய்ன், வாசிக்காதே. முப்பத்தெட்டு ஆண்டுகள் வடிவியல் கற்றுக்கொடுத்தவன் ஒரு நிரூபணத்தை முடிவிலிருந்து தொடங்க முடியாது. எனக்கு அது வரவே வராது.

முதலாவது. படகு முழுசாக இருக்கிறது. இடது முன்பக்கத்தில் ஒரு நெளிவு உண்டு. நெளிவு என்பது வடிவத்தைப் பற்றியது, முழுமையைப் பற்றியதல்ல.

இரண்டாவது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வாத்தியாரே, கண்ணு போனாக்கூடப் பரவாயில்ல, குட்டை போயிடக் கூடாது. அந்த டட்லிப் பய பதினோரு வருஷமா நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையறான்." முதல் நாள் சுடும் நேரம் தொடங்கும்போது குட்டையில் யார் படகு நிற்கிறதோ அவருக்கே அந்தப் பருவம் முழுக்க அந்தக் குட்டை, காலியாகக் கிடந்தால் வருகிறவருக்கு என்பதை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எழுதி வைத்த சட்டங்களை மீறுகிற நம் ஊர்க்காரர்கள்கூட இதை மீறியதில்லை. முப்பத்தொரு வருஷமாக நீங்கள் ஒரு முதல் நாளையும் விட்டதில்லை. அந்த முப்பத்தொரு வருஷமும் நான் படகின் முன்னால் ஒரு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து "இடது! வலது!" என்று கத்தியவன். நீங்கள் அந்த வெளிச்சத்தை ஒரு தடவையாவது பார்த்தீர்களா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. சட்டத்துக்காக முன்னால் ஒரு சிவப்பு-பச்சை, பின்னால் ஒரு வெள்ளை, அவ்வளவுதான். மற்றபடி மோட்டார் கைப்பிடியில் ஒரு கையும் காப்பிக் குவளையில் ஒரு கையுமாக, ஏதோ சொந்தச் சமையலறைக்குள் நடப்பதுபோல அந்த இருட்டுக்குள் நீங்கள் போவீர்கள். என்னைப் பயமில்லாமல் வைத்திருக்கத்தான் டார்ச்சைக் கொடுத்தீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு நன்றி.

ஆனால் இப்போது கைப்பிடி என் கையில். ஆகவே முறைப்படி இறங்கினேன். ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததிலிருந்தே இரண்டு மாதம் படித்தேன், ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்தது. கடைக்காரப் பெண் என் கேள்விப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல பதினாலாவது கேள்விக்குப் பதில் தெரிஞ்சா நான் ஏன் இங்க நிக்கப்போறேன்?" என்றாள். இருந்தாலும் பொறுமையாக உதவினாள். முடிவில் மூன்று விளக்குகள். ஒன்று, படகின் முகப்பில் குறுக்காகப் பொருத்தும் நீள விளக்கு, அகலமாகப் பரவும். இரண்டு, திருப்பிக்கொள்ளும் வட்ட விளக்கு, தூரத்துக்கு. மூன்று, நெற்றியில் கட்டும் விளக்கு, கைவேலைக்கு. அகலம், தூரம், கிட்டம். ஏதாவது விடுபட்டிருக்கிறதா சொல்லுங்கள். பின்கட்டில் இருபது அடிக்கு ஒரு கம்பு நட்டு ஒருநாள் பொழுது சாய்ந்ததும் சோதித்துப் பார்த்தேன். மச்சான், என்ன வெளிச்சம்! கடைசிக் கம்பில் ஊர்ந்த எறும்பு தெரிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் சேவல்கள் எழுந்து கூவின. அதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும்? வெர்லி மட்டும் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு வாசலில் நின்று, "ஏங்க, வாத்து சுடப் போறீங்களா, இல்ல மேல போற விமானத்தை இறக்கப் போறீங்களா?" என்றாள். விளக்கைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது. இங்கே எலெய்ன் கொஞ்சம் நிதானமாக வாசிக்கவேண்டும். முந்தின நாள் மத்தியானம் விளக்குகளைப் பொருத்தினேன், சாயங்காலம், நீங்கள் சொல்லிக்கொடுத்த முறைப்படியே, படகைச் சுற்றி நாணல் கட்டினேன், இடைவெளி இல்லாமல், முகப்பிலும் நன்றாக அடர்த்தியாக. வாத்துக்குப் படகு தெரியக்கூடாது என்பீர்களே. வெர்லி பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டு பார்த்தாள். விடியற்காலை நாலு மணிக்குப் படகுத்துறையில் இன்னும் எட்டுப் படகுகள் நின்றன. எல்லோரும் பார்க்க நான் நீள விளக்கைப் போட்டேன். எனக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் பொன்னாலான ஒரு சுவர் எழுந்து நின்றது. ஒவ்வொரு நாணலும் ஒரு நரம்பு விடாமல் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் உலகம் இருப்பதற்கான அறிகுறியே இல்லை. வெளிச்சம் நேர்கோட்டில் செல்லும் என்று ஏறக்குறைய நாலாயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், மச்சான். விளக்குக்கு முன்னால் நானே கையால் புல்லைக் கட்டியிருக்கிறேன். பக்கத்துப் படகிலிருந்து ஒருவர், "வாத்தியாரே, அறுவடை நல்லா வந்திருக்கு!" என்றார். துறை முழுக்கச் சிரித்தது.

முகப்பு நாணலை அறுத்துப் போட்டுவிட்டு நானும் வெர்லியும் கிளம்பினோம். வாய்க்காலில் எதிரே படகு வந்தால் விளக்கைத் தாழ்த்துவது மரியாதை, ஆனால் என் விளக்குக்குத் தாழ்த்தவே தெரியாது, எரியும் அல்லது அணையும், ஆகவே எதிரே யாராவது "யோவ், கண்ணு அவியுது, அணையா!" என்று கத்தும்போதெல்லாம் நான் "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று அணைப்பேன், அணைத்ததும் எனக்கு ஒன்றுமே தெரியாது, ஏனென்றால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிப்போயிருந்தது, அப்படி மூன்றாவது தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கரையில் முட்டினோம், நெளிவு அப்போது வந்தது. துடுப்பால் தள்ளி வெளியே வந்தால் பனிமூட்டம். சரி, வட்ட விளக்கு இருக்கிறதே, தூரத்துக்கு வாங்கியதாயிற்றே என்று அதைப் போட்டேன். பாலுக்குள் தலையை விட்டதுபோல ஆயிற்று. நீள விளக்கையும் போட்டேன், இரண்டு மடங்கு பால். நெற்றி விளக்கைப் போட்டேன், என் மூச்சு மட்டும் தெரிந்தது. மணி ஐந்தேகால். சுடும் நேரம் ஆறு பத்து. கிழக்குக் குட்டைக்குத் திரும்பும் முனை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருஷமாக உங்கள் கையில் இருந்த குட்டை ஐம்பத்தைந்து நிமிஷத்தில் என் கையால் போகப்போகிறது என்று நினைத்தபோது மூன்று விளக்குகளையும் இன்னொரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.

அப்போது வெர்லி சொன்னாள். "எல்லாத்தையும் அணைங்க."

"எல்லாத்தையுமா?"

"அந்தச் சிவப்பு பச்சையும் பின்னால வெள்ளையும் இருக்கட்டும். பாக்கி எல்லாத்தையும். மோட்டாரையும்தான். அணைச்சுட்டு வாயை மூடிக்கிட்டு உக்காருங்க. கண்ணு திரும்பி வரட்டும்."

பத்து நிமிஷம் உட்கார்ந்தோம். கடிகாரத்தைப் பார்க்கக்கூட அவள் விளக்குப் போட விடவில்லை, மனத்துக்குள் எண்ணினேன். அறுநூறு எண்ணி முடிக்கும்போது கறுப்புக்குள் ஒரு சாம்பல் தெரிந்தது. தண்ணீர் ஒரு நிறம், நாணல் ஒரு நிறம். மச்சான், இத்தனை வருஷம் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானா! இவ்வளவு அழகாக இருக்கும் என்று ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? பிறகு வெர்லி என் தோளைத் தொட்டாள். "அங்க பாருங்க." தூரத்தில், தண்ணீருக்கு ஒரு ஆள் உயரத்தில், முட்டையின் மஞ்சள்கரு மாதிரி மங்கலாக ஒரு வெளிச்சம். அசையவில்லை, கூசவில்லை. பனிமூட்டம் அதைத் தொடவே இல்லை. அதை நோக்கி மெதுவாகப் போனோம். கிழக்குக் குட்டை முனையில் உங்கள் பழைய கம்பம்; அதன்மேல் கவிழ்த்துக் கட்டிய ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பக்கெட்; பக்கெட்டுக்குள் ஒரு பேட்டரி லாந்தர். மணி ஐந்து ஐம்பது. குட்டை காலி. நாங்கள் உள்ளே போய்விட்டோம்.

அந்தப் பக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். லாந்தர் அதிகம் போனால் பன்னிரண்டு மணி நேரம் எரியும். ஆகவே அது முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு ஏற்றியதுதான். என்னால் வழி கண்டுபிடிக்க முடியாது என்று முன்கூட்டியே அறிந்து, போமாண்டில் படுத்த படுக்கையிலிருந்தே யாரையோ ஏற்பாடு செய்து, எனக்கும் சொல்லாமல், நீங்கள் அதைக் கட்டவைத்திருக்கிறீர்கள். எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்தச் செய்நேர்த்தியை வியக்கிறேன்! நான் இரண்டு மாதம் படித்துக் கண்டுபிடிக்காததை ஒரு பழைய பக்கெட்டால் முடித்துவிட்டீர்கள்: மஞ்சள் நிறம், குறைந்த வெளிச்சம், படகில் இல்லாமல் போய்ச்சேரும் இடத்தில். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இதைத் தனியாகக் கட்டமிட்டு எழுதியிருக்கிறேன். பக்கெட்டையும் திரும்பும்போது அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வாத்துகளை ஈர்க்கப் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டோம். வெர்லி மூன்று கிளுவை வாத்து சுட்டாள், மூன்றே தோட்டாவில். நான் ஏழு வாத்துகளைப் பயமுறுத்தினேன்.

நான்காவது. விடிந்ததும் டட்லி தெரியோ படகில் வந்து முனையில் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். படகில் உங்கள் இடத்தில் என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, "என்ன வாத்தியாரே, வழி தெரிஞ்சுதா?" என்றார். நான் கூடியவரை கம்பீரமாக, "எங்களிடம் விளக்கு இருக்கிறது" என்றேன். அவர் பக்கெட்டை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், போய்விட்டார். தோற்றுப்போனவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். பதினோரு வருஷமாக நீங்கள் சொல்லி வருவது எவ்வளவு சரி என்று அப்போது புரிந்தது. ஒரு வஞ்சகனின் முகம்.

ஐந்தாவது. கிழக்குக் குட்டை இந்தப் பருவமும் குளோவிஸ் சவ்வாவுடையது. எலெய்ன், இப்போது அப்பா எழுந்திருக்கலாம். கத்த வேண்டாம் என்று மட்டும் சொல்.

கிளுவைகளைச் சுத்தம் செய்து உறையவைத்திருக்கிறோம், நீங்கள் வந்ததும் கம்போக் குழம்பு. தங்கள் கண் விரைவில் தெளியவேண்டும் என்று வெர்லி ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். இந்தக் குடும்பத்தில் இந்த மாதம் முதல் தடவையிலேயே சரியாக எரிந்த விளக்கு அது ஒன்றுதான். மருமகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள்.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
தியோஃபில் ஆர்சனோ

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன். இப்போது ஆவி பிடித்துப் பிரித்திருக்கிறேன், ஓரம் சுருங்கியிருந்தால் மன்னிக்கவும். சற்று முன் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் டட்லி தெரியோ.

"வாத்தியாரே, அந்த மஞ்சப் பக்கெட்டைக் குடுங்க. கோழித் தீவனம் போட வேற பக்கெட் இல்லன்னு வீட்டுல ரெண்டு நாளா திட்டு விழுது."

நான் பக்கெட்டை எடுத்து வந்து பிடித்துக்கொண்டே நின்றேன். "இது குளோவிஸ் ஏற்பாடு செய்தது அல்லவா?"

"குளோவிஸா? அவனா? அவனுக்கு எதுக்குய்யா விளக்கு? உங்களுக்குத்தான் கட்டினேன். பின்கட்டுல நீங்க அந்த வெளிச்சத்தைப் போட்டீங்களே, எங்க வீட்டுச் சேவலுங்க மாலை ஏழு மணிக்கே விடிஞ்சுபோச்சுன்னு கத்த ஆரம்பிச்சுது. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இந்த மனுஷன் பனிக்குள்ள போயி நிக்கப்போறாருன்னு. முதல் நாள் மூணரை மணிக்கே அங்க போயிக் கட்டிட்டு என் குட்டைக்குப் போயிட்டேன்."

"அப்படியென்றால் நீங்கள் மூன்றரை மணிக்கே கிழக்குக் குட்டையில் இருந்தீர்கள். அங்கேயே உட்கார்ந்திருந்தால் அது உங்களுடையது!"

அவர் என்னை ஒரு மந்தமான மாணவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "குளோவிஸ் உள்ள உக்காந்திருக்கும்போது அவன்கிட்டேருந்து பிடுங்கணும் வாத்தியாரே. அவன் கண்ணைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கும்போது எடுத்தா அதுல என்ன ருசி இருக்கு? அடுத்த வருஷம் வரட்டும், பாத்துக்கறேன்னு சொல்லுங்க." பக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சமையலறையிலிருந்து வெர்லி, "எழுத உக்காந்தப்பவே சொல்லலாம்னு பாத்தேன்," என்றாள். "அது அவரு வீட்டுப் பக்கெட்டுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க எழுதி முடிங்கன்னு இருந்துட்டேன்."

ஆகவே, மச்சான், டட்லியை நம்பக்கூடாது என்ற அந்த நான்காவது தவறு. கடிதத்தை எழுதியது நான்தான், ஆனால் அந்த வரி பதினோரு வருஷமாக உங்களுடையது. அதை அடிக்க எனக்கு உரிமை இல்லை. கண்கட்டை அவிழ்த்ததும் பேனாவை எடுத்து நீங்களே அடித்துவிடுங்கள்.