வழிய விடத்தான் வைத்தது

“…எண்டாலும் அண்ணை, ஃபயர்காரர் வந்து நிண்டும் உந்தப் பானையை நீங்கள் கீழ வைக்கேல்லப் பாருங்கோ. அதைத்தான் நான் யோசிச்சுக்கொண்டு நிக்கிறன்.”

றெஜினா அக்கா இதைச் சொன்னது எங்கள் வீட்டு ட்ரைவ்வேயில் நின்றபடி. விழுகிற இடத்திலேயே ஐஸாக உறைகிற மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் போட்டிருந்தது என் மகனின் ஹொக்கி ஜக்கெற். அவருடைய சொந்தக் கோட் வீட்டுக்குள் பாலில் ஊறிக் கிடந்தது. நான் இரண்டு துவாய்களால் பொங்கல் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் தீயணைப்பு வண்டி சிவப்பு விளக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

றெஜினா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தன் மகளை எங்கள் மகனுக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க வந்திருந்தார்.

எல்லாம் அந்த விறகு அடுப்பால் வந்தது. மோர்னிங்சைட்டில் நாங்கள் வாங்கிய வீட்டின் ஹோலில் அது முதலே நின்றது. அடுப்பு என்றதும் குசினியை நினைக்கக் கூடாது. இது குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதற்கென்று வைப்பது. வார்ப்பிரும்பில் செய்தது, நாலு கட்டைக் கால், முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைக்குழாய். வீட்டில் ஹீற்றிங் வேறாக இருந்ததால் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு அடுப்பு சும்மா நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மேலே தட்டையாகத்தானே இருக்கிறது, சமைத்தால் என்ன என்று தொடங்கினேன்.

முதலில் முட்டை பொரித்தேன். பொரித்தேன் என்பது பெரிய வார்த்தை. தாச்சியில் உடைத்து ஊற்றிய முட்டை, நான் குளித்துச் சவரம் செய்து உடுத்து வந்த பிறகும் ஊற்றினபடியே கிடந்து என்னைப் பார்த்தது. சரி, சூடு காணாது என்று அடுத்த கிழமை விறகைத் திணித்து நெருப்பைக் கூட்டி, தோசைக்கல்லை வைத்தேன். இந்த முறை மாவு கல்லில் படமுன்னரே கருகியது. (அதைக் கழற்றியது தோசைக் கரண்டியால் அல்ல. உளியால்.) மூன்றாவதாக, தணலில் கருவாடு சுட்டேன். கருவாடு அருமையாக வந்தது என்பதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதன் மணம் எங்கள் கோட்டுகளுக்குள் குடியேறி, வசந்தம் வரும்வரை போகவில்லை. வேலையிடத்தில் சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் சுகமா, ஏதாவது உதவி வேண்டுமா என்று பரிவோடு கேட்டார்.

என் மனைவி வதனி அதிகம் பேசாதவள். பேசினால் அதை நான் கனகாலம் நினைவில் வைத்திருப்பேன். அப்போது சொன்னாள்: “அது குளிருக்கு நிக்கிற சாமான். அதைப் பிடிச்சு வைச்சுச் சமையல் படிப்பிக்கிறியள்.”

இந்த நிலையில்தான் மகன் பிரணவன், தான் விரும்பும் ஷெரினைப் பற்றிச் சொன்னான். பிறம்ரனில் வீடு, மன்னார் ஆட்கள், கத்தோலிக்கர்; நாங்கள் சைவர். தகப்பன் லொறி ஓடுகிறவர், மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில். ஆகவே முடிவு எடுப்பது தாய் றெஜினா அக்காதான். அந்தத் தாய்க்கு பிரணவனைப் பிடித்திருந்தது. ஆனால் தன் பிள்ளை எப்படிப்பட்ட வீட்டில் போய் இருக்கப்போகிறாள், அங்கே அவளை வேறாள் மாதிரிப் பார்ப்பார்களோ என்ற பயம். வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். வதனிதான் தைப்பொங்கலுக்கே கூப்பிட்டாள். எங்கள் வழக்கத்தை மறைக்காமல் காட்டிவிடுவது நல்லது என்பது அவளுடைய எண்ணம்.

பொங்கலுக்கு முதல் நாள் பிரணவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: “அப்பா, ப்ளீஸ். நாளைக்கு மட்டும் ஜஸ்ற் பி நோமல்.”

பொங்கலன்று காலையில் உறைமழை. மரக்கொப்புகள் முறிந்து கம்பிகளில் விழ, எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. குசினி அடுப்பு மின்சாரத்தில் வேலை செய்வது, அதுவும் போய்விட்டது. வதனி, தெரிந்தவர்கள் யாரிடமாவது காஸ் குக்கர் ஒன்று வாங்கிவந்து கராஜுக்குள் வைத்துப் பொங்குவோம் என்றாள். நியாயமான யோசனை. இங்கே எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான் பொங்குகிறார்கள். ஆனால் நான் அப்போது ஹோலில் நின்ற அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இந்த நாளுக்காகவே காத்திருந்தது போல எனக்குப் பட்டது.

“விறகில பொங்கிற பொங்கல்,” என்றேன். “வாறவை பிறகு ஒரு இடத்திலயும் காணமாட்டினம்.”

(இரண்டாவது வசனம் மட்டும் பலித்தது.)

றெஜினா அக்கா மகளோடு தங்கள் வான் வண்டியில் வந்து சேர்ந்தார். ஒரு தட்டு நிறையப் பொரித்த றோல்ஸ் கொண்டுவந்திருந்தார். மரக்கறி றோல்ஸ்தான், எண்ணெயும் புதுசு, மீன் இறைச்சி படாதது, பயப்படாமல் சாப்பிடலாம் என்று வதனியிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் எங்களுக்குப் பயந்திருக்கிறார், நாங்கள் அவருக்குப் பயந்திருக்கிறோம். (நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். யார் மூப்பு என்று இரண்டு பேரும் இன்றுவரை கேட்கவில்லை.) மழையில் நனைந்த அவருடைய நீளக் கோட்டை வாங்கி, காயட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் விரித்துப் போட்டேன். விருந்தாளியைக் கவனிக்கத் தெரிந்த மனிதன் என்று காட்ட வேண்டாமா?

பானையில் பாலும் தண்ணீரும் வைத்தாயிற்று. பால் கிழக்குப் பக்கமாக வழிந்தால் நல்லது என்று எங்கள் வீட்டில் பார்ப்பார்கள். சம்பந்தம் பேச வந்த நாளில் அதைக் கடவுளிடம் மட்டும் விட எனக்கு மனமில்லை. போனில் திசை பார்த்து, ஒருவருக்கும் தெரியாமல், பானையின் மேற்குப் பக்கத்துக்குக் கீழே ஒரு உடைந்த டைல் துண்டைச் செருகிவிட்டேன்.

பால் பொங்கவில்லை. றெஜினா அக்கா மன்னாரில் தங்கள் தெருவைப் பற்றிச் சொன்னார். முடிந்தது. வதனி தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். அதுவும் முடிந்தது. பால் ஆடாமல் அசையாமல் இருந்தது. நான் விறகு திணித்தேன். காற்றுக் கதவைத் திறந்தேன். மேலும் திணித்தேன். எல்லோரும் எழுந்து நின்று பானையையே பார்த்தோம். பார்க்கப் பார்க்கப் பால் வெட்கப்பட்டது. கடைசியில், நான் இன்னும் விறகு எடுக்கப் பின்பக்கம் போன நேரமாகப் பார்த்துப் பொங்கியது.

திரும்பி வந்தபோது பால் கிழக்குப் பக்கமாக, நான் ஏற்பாடு செய்தபடியே, அருவியாக வழிந்துகொண்டிருந்தது. காய்ந்த இரும்பில் விழுந்து சீறித் தெறித்தது. தெறித்த பால் முழுவதும் கிழக்கே கிடந்த றெஜினா அக்காவின் கோட்டில். நெருப்பைக் குறைக்க வேண்டும். புகைக்குழாயில் ஒரு சின்னக் கைப்பிடி இருந்தது. காஸ் அடுப்பைக் குறைப்பது போல அதைத் திருப்பினேன். அது நெருப்பைக் குறைக்கிற பிடியல்ல, புகை போகும் வழியை மூடுகிற பிடி என்பது பிறகு எனக்கு விளக்கப்பட்டது.

போக வழியில்லாத புகை வீட்டுக்குள் வந்தது. புகையை அறிவிக்கும் அலாம் கத்தத் தொடங்கியது. பிரணவன் கதிரையில் ஏறி நின்று துவாயால் அதை விசிறினான். ஷெரின் யன்னல்களைத் திறந்தாள். அந்தப் புகைக்குள்ளிருந்து வதனி அரிசிக் கிண்ணத்தோடு வந்தாள்.

“அரிசியைப் போடுங்கோ முதல்,” என்றாள். “பால் பொங்கிட்டுது.”

போட்டேன். இரண்டு கையாலும் அள்ளி, மூன்று முறை சுற்றி, இருமி இருமிப் போட்டேன். பிறகு பானையைத் தூக்கிக்கொண்டு எல்லோருமாக வெளியே ஓடினோம். யன்னல்களால் புகை போவதைக் கண்டு பக்கத்து வீட்டார் தீயணைப்புக்குப் போன் பண்ணிவிட்டார்கள்.

வந்தவர்கள் உள்ளே போய்க் கைப்பிடியைத் திருப்பி, எல்லா இடமும் பார்த்துவிட்டு வந்தார்கள். பாலைத் தவிர ஒன்றும் எரியவில்லை. அவர்களில் பெரியவர் பிரணவனிடம் விசாரித்தார். அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றான். பால் தவறி வழிந்ததா என்று கேட்டார். பிரணவன் ஒருமுறை என்னைப் பார்த்தான், ஒருமுறை ஷெரினின் தாயைப் பார்த்தான்.

“இல்லை,” என்றான் ஆங்கிலத்தில். “வழிய விடத்தான் வைச்சது.”

அவர் ஹெல்மெற்றைக் கழற்றிவிட்டு, வேண்டுமென்றேவா என்று கேட்டார். ஓம் என்றான். வருடா வருடமா என்றார். அதற்கும் ஓம் என்றான். அவர் குனிந்து என் பானைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, அடுத்த வருடம் வெளியே வைத்து வழிய விடும்படி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

அந்த வார்த்தை எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. தேத்தண்ணி கொட்டினால், கார் பனிக்குவியலில் ஏறினால், பிரணவனின் கலியாணத்தன்று என் வேட்டி அவிழப் பார்த்தபோதுகூட, யாராவது ஒருவர் முகத்தை நேராக வைத்துக்கொண்டு “வழிய விடத்தான் வைச்சது” என்பார்கள். அதிகம் சொல்பவள் மருமகள் ஷெரின். அவளுக்கு அது சரளமாக வருகிறது. விறகு அடுப்பின்மேல் இப்போது ஒரு பூச்சாடி நிற்கிறது. அதில் ஒன்றும் பூப்பதில்லை.

ஆனால் அன்றைக்கு ட்ரைவ்வேயில் நின்றபோது கலியாணம் நடக்குமென்று எனக்கு எப்படித் தெரியும்? யோசித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொன்ன றெஜினா அக்கா ஹொக்கி ஜக்கெற்றின் பைக்குள் மாற்றி வைத்திருந்த வான் சாவியை எடுத்தார். பிரணவனின் முகம் செத்துவிட்டது. வதனி என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள். அவர் வழுக்காமல் மெல்ல மெல்ல வானுக்குக் கிட்டப் போய், பின்கதவைத் திறந்து, புருஷன் லொறிப் பயணத்துக்குக் கொண்டுபோகும் ஒற்றைக் காஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். கராஜ் வாசலில் அதை வைத்துவிட்டு, “அரிசி வேகேல்லத்தானே?” என்று வதனியிடம் கேட்டார். கிழக்கு எந்தப் பக்கம் என்றும் கேட்டார். பிறகு என் கையிலிருந்த பானையை வாங்கி அதன்மேல் ஏற்றி, நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்தார்.