அற்புதராஜ் கம்ப்யூட்டர் புரோகிராம் தேர்ந்தெடுத்தார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, ஆட்டுக்கறிக் குழம்புக்கும் ரசத்துக்கும் நடுவில், அற்புதராஜ் ஒரு மாபெரும் முடிவு எடுத்தார். இனி இந்த ஜென்மத்தில் சிராங்கூன் ரோட்டு வெயிலில் நடப்பதில்லை.

பத்து வருஷம் நடந்தாயிற்று. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் கணக்கு எழுதும் கிராணி அவர். ஆனால் ஓய்வு நாள் வந்தால், பங்குக் கோயில் திருவிழா மலரின் விளம்பரப் பகுதித் தலைவர். பதவி பெரியது. பகுதியில் ஆட்கள்தான் இரண்டே பேர். ஒருவர் தலைவர், இன்னொருவர் தலைவரின் மனைவி உர்சுலா. தலைவர் கடை கடையாக ஏறி விளம்பரம் வாங்கி வருவார். உர்சுலா வீட்டில் உட்கார்ந்து, எந்த விளம்பரம் எந்தப் பக்கத்தில் என்று அடுக்குவாள்.

அடுக்குவதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். குவீன்ஸ்டவுன் வீட்டுச் சமையலறையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கயிறு கட்டுவாள். மேல் கயிறு இடது பக்கங்கள், கீழ்க் கயிறு வலது பக்கங்கள். விளம்பரங்களை அட்டையில் எழுதி, துணி உலர்த்தும் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுவாள். அந்த ஒரு மாதம் அற்புதராஜ் குனிந்துதான் ஐஸ்பெட்டியைத் திறக்க வேண்டும்.

இதெல்லாம் லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நகைக்கடை முத்துசாமியும் நகைக்கடை சேதுபதியும் சம்பந்திகள். பிள்ளைகள் கல்யாணப் பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று ஆரம்பித்த சண்டை, பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்த பிறகும் ஓயவில்லை. இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் போடக் கூடாது. எதிரெதிர்ப் பக்கத்திலும் போடக் கூடாது. போட்டால், மலரை மூடும்போது இரண்டு விளம்பரமும் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளுமாம். யாக்கூபின் பிரியாணிக் கடை, தவக்கால நோன்பு பற்றி ஃபாதர் எழுதும் கட்டுரையின் பக்கம் தலைகாட்டக் கூடாது. சவப்பெட்டிக் கடையை ரத்தினம்மாவின் கல்யாணப் பட்டுக் கடைக்குப் பக்கத்தில் போட்டால், ரத்தினம்மாவே நேரில் வந்துவிடுவார்.

அன்றைக்குப் பூசை முடிவில் பங்குத் தந்தை ஃபாதர் அலெக்சாண்டர் ஒரு செய்தி அறிவித்திருந்தார். தஞ்சோங் பகாரில் ஒரு கம்பெனி தன்னுடைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறது. அதை அலுவலக அறையில் வைக்கப் போகிறார்கள். இந்த வருஷம் வெள்ளிவிழா மலர். விளம்பரங்களை அடுக்க நல்ல புரோகிராம் ஒன்றை அற்புதராஜ் பார்த்து வாங்குவார்.

அலுவலக அறையில் ஏர்கான் உண்டு. அற்புதராஜின் மூளை அந்த நொடியே வேலை செய்யத் தொடங்கியது. அடுக்கும் வேலையை எந்திரம் செய்யும். எந்திரத்துக்கு முன்னால் ஒரு ஆள் உட்கார வேண்டும். தலைவர் உட்காருவதுதான் முறை. அப்படியானால் வெயிலில் நடப்பது யார்? பகுதியில் மிச்சம் இருப்பது ஒரே ஆள்தான். கணக்கு அவ்வளவு சுத்தமாக முடிந்ததில் அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது.

"உர்சுலா, காலம் மாறிப்போச்சு," என்றார், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "கயிறு, கிளிப்பு எல்லாம் இனிமே வேணாம். கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

"சரிங்க."

அவள் மறுத்தால் சொல்வதற்கு அவர் பதினோரு பதில் தயாராக வைத்திருந்தார். பதினொன்றும் வீணாயிற்று.

"கம்ப்யூட்டர நான் பாத்துக்கறேன். நீ கடைங்களுக்குப் போய்ட்டு வா. உனக்குத்தான் தேக்கா கடைத்தெருவுல சுத்தறதுன்னா பிடிக்குமே."

"சரிங்க. எந்த புரோகிராம் வாங்கப் போறீங்க?"

"நாலு இடம் பாத்துட்டுத்தான்."

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும். ஆனா விக்கிறவங்க ஏமாத்திடுவாங்க லா. நான் மூணு கேள்வி எழுதித் தாரேன், கேளுங்க. விஷயம் தெரிஞ்ச ஆளுன்னு மதிப்பாங்க."

காலண்டர் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள். சேராத ரெண்டு பேரைப் பிரித்து வைக்குமா? எதிர்ப்பக்கத்தையும் பார்க்குமா? கடைசி நாளில் ஒரு விளம்பரம் வந்தால் மற்றதைக் கலைக்காமல் நுழைக்குமா? அற்புதராஜ் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக அவர் எதையும் ஜெயித்ததில்லை. அன்று மத்தியானத் தூக்கத்தில்கூடச் சிரித்தார்.

முதலில் பீச் ரோட்டில் ஒரு கடை. எதைக் கேட்டாலும் அங்கிருந்த சீனர், "கேன், கேன், எவ்ரிதிங் ஆல்சோ கேன் லா," என்றார். எல்லாம் முடியுமாம். அற்புதராஜ் போன வருஷ மலரின் பட்டியலைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அந்த புரோகிராமுக்குத் தெரிந்தது ஆங்கில அகரவரிசை ஒன்றுதான். பிஷப்பின் ஆசியுரைக்கு அடுத்தபடியாகச் சவப்பெட்டிக் கடையைக் கொண்டுவந்து நிறுத்தியது. அற்புதராஜ் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

இரண்டாவது கடை நார்த் பிரிட்ஜ் ரோட்டில். அந்த புரோகிராம் கெட்டிக்காரத்தனமாக முத்துசாமியையும் சேதுபதியையும் வேறு வேறு பக்கத்தில் வைத்தது. பதினாறிலும் பதினேழிலும். மலரை மூடினால் சம்பந்திகள் முத்தம் கொடுத்துக்கொள்வார்கள். பிரியாணியோ, நோன்புக் கட்டுரைக்கு நேர் எதிரே ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது.

"இதுக்கு எதிர்ப்பக்கம்னா என்னன்னு தெரியாதா?" என்று அதட்டலாகக் கேட்டார். கடைப் பெண் மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் இன்னொரு மேனேஜரைக் கூப்பிட்டார். தன் ஒரு கேள்விக்கு ஒரு கடையே எழுந்து நிற்பதைப் பார்த்ததில் அற்புதராஜுக்கு ஒரு சுற்று உடம்பு பெருத்தது.

மூன்றாவது, சிலிகி ரோட்டில் மாடியில் சின்னக் கடை. நடத்துகிறவர் தனசேகரன் என்ற தமிழர். அற்புதராஜ் முதல் கேள்வியைக் கேட்டார். பிரிக்கும் என்றார் தனசேகரன். யார் யாருக்கு ஆகாது என்று ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும், மறக்காது. இரண்டாவது கேள்வி. எதிர்ப்பக்கமும் பார்க்கும்.

"அப்புறம், கடைசி நாள்ல..." என்று அற்புதராஜ் ஆரம்பிப்பதற்குள், "வந்தாலும் மத்ததக் கலைக்காதுண்ணே," என்றார் தனசேகரன்.

கேட்பதற்கு முன்பே பதில். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இவர் என்ன கேட்பார் என்று தெரிந்துவிடுகிறது போலிருக்கிறது என்று அற்புதராஜ் பூரித்துப் போனார். "இதுதான் எனக்கு வேணும்," என்று மேஜையில் தட்டினார்.

"நல்லதுண்ணே. ஆனா இதப் பழகணும். நாலு சனிக்கிழமை கிளாஸ் இருக்கு. ஒரு ஆள் வரலாம்."

சனிக்கிழமை பகல் அற்புதராஜ் தூங்கும் நேரம். அதை அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. பஸ்ஸில் வரும்போதே அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். உர்சுலா போய்ப் படிக்கட்டும். வந்து அரைமணி நேரத்தில் சாரத்தை மட்டும் தனக்குச் சொல்லிவிடட்டும். தயிரை அவள் கடையட்டும், வெண்ணெயை நாம் எடுத்துக்கொள்வோம்.

உர்சுலா லேசில் சம்மதிக்கவில்லை.

"இந்த வயசுல எனக்கெதுக்குங்க கிளாஸ்? சனிக்கிழமை துணி யாரு துவைப்பா?"

"நான் துவைக்கிறேன்."

"உங்களுக்குப் பழக்கம் இல்லையே. மூங்கில்ல கோத்து ஜன்னலுக்கு வெளிய நீட்டணும். கனக்கும்."

"ஏர்போர்ட் சரக்கையே பாக்கறவன் நான். எனக்கு மூங்கில் ஒரு கனமா?"

சரக்கை அவர் பார்ப்பது பேப்பரில்தான். அது போகட்டும். மூன்று நாள் கெஞ்சி, ஒரு புது நோட்டும் இரண்டு பேனாவும் வாங்கிக் கொடுத்து, ஒருவழியாக அவளைச் சம்மதிக்க வைத்தார். அன்றைக்கு அவர் நடையே மாறிவிட்டது. பெண்டாட்டியை வேலை வாங்கத் தெரிந்த ஆண்பிள்ளை இந்த பிளாக்கிலேயே தான் ஒருவன்தான் என்று லிஃப்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. ஈரப் போர்வை கோத்த மூங்கிலைப் பதினோராம் மாடி ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அதற்குரிய குழாயில் செருக வேண்டும். மூங்கில் ஒரு பக்கம் இழுத்தது, அற்புதராஜின் இடுப்பு இன்னொரு பக்கம் இழுத்தது. அடுத்த வீட்டு பிரிஜட் தன் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"என்னண்ணே, துணியெல்லாம் நீங்க காயப் போடறீங்க?"

"உர்சுலா கம்ப்யூட்டர் படிக்கப் போயிருக்கா."

"அவங்க படிச்சா நீங்க ஏன் துவைக்கணும்?"

"அது ஒரு பெரிய திட்டம். உனக்குப் புரியாது."

"புரியுதுண்ணே, புரியுது," என்றாள் பிரிஜட். "போர்வை தலைகீழா தொங்குது பாருங்க."

சாயங்காலம் உர்சுலா வந்து நோட்டை விரித்தாள். "கீபோர்டுல இந்தக் கட்டைய அழுத்தினா யாருக்கு யார் ஆகாதுன்னு கேக்கும். நீங்க பேரு அடிக்கணும். அடுத்தாப்ல..." அடுத்தாப்ல என்பதற்குள் அற்புதராஜ் குறட்டை விட்டார். நாள் முழுக்கத் துவைத்த மனிதன் வேறென்ன செய்வார்? மற்ற மூன்று சனிக்கிழமையும் இதே கதை. ஆனாலும் அவர் கவலைப்படவில்லை. கட்டையை அழுத்தத் தெரியாதவன் உலகத்தில் உண்டா?

ஜூலை கடைசியில் கோயில் அலுவலக அறையில் வெள்ளோட்டம். ஃபாதர், மலர்க் குழுச் செயலாளர் இயேசுதாசன், குழு ஆட்கள், புரோகிராம் பெட்டியோடு தனசேகரன், வேடிக்கை பார்க்க பிரிஜட் எல்லாரும் வந்திருந்தார்கள். ஏர்கான் ஜிலுஜிலுவென்று வீசியது. இனி இது தனக்குத்தான் என்று அற்புதராஜ் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். பிறகு சுட்டிக் காட்ட ஒரு அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்றார். உர்சுலா உட்கார்ந்து கட்டைகளைத் தட்டினாள்.

போன வருஷத்துத் தொண்ணூறு விளம்பரமும் மூன்று நிமிஷத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தன. முத்துசாமி ஆறாம் பக்கம், சேதுபதி அறுபதாம் பக்கம். பிரியாணி, திருவிழா விருந்துப் படத்துக்குக் கீழே. சவப்பெட்டிக் கடை, நித்திய வாழ்வு பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில் அடக்கமாக.

ஃபாதர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். "மூணு கடை ஏறி, இதைக் கண்டுபிடிச்சது நம்ம அற்புதம்தான்," என்றார் இயேசுதாசன். அற்புதராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வருஷம் வெயிலில் வாங்கிய பெயரைவிட இது பெரிது. ஐந்து நிமிஷம் பேசினார். விஞ்ஞானம் என்றார், தொலைநோக்கு என்றார், விற்பவர்களிடம் சரியான கேள்வி கேட்கத் தெரிய வேண்டும் என்றார். முடிவில், "ஆகையால இந்த வருஷம் நானே இங்க உட்கார்ந்து பாத்துக்கறேன் ஃபாதர். உர்சுலா கடைங்களுக்குப் போவா," என்று முடித்தார்.

"ரொம்ப நல்லது," என்றார் ஃபாதர். "தங்கம் பூக்கடையை மட்டும் வலது பக்கத்துக்கு மாத்திக் காட்டுங்க பாப்போம்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அற்புதராஜ் உட்கார்ந்தார். எல்லாவற்றிலும் பெரிய கட்டையாகப் பார்த்து அழுத்தினார். திரை கேள்வி கேட்டது. எஸ் என்று அடித்தார். இன்னொரு கேள்வி கேட்டது. அதற்கும் எஸ். மரியாதையாகக் கேட்கும்போது நோ சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மூன்றாவது எஸ்ஸில் பூக்கடை காணாமல் போய், சம்பந்திகள் இருவரும் ஒன்பதாம் பக்கத்தில் தோளோடு தோள் உரச வந்து உட்கார்ந்தார்கள்.

உர்சுலா அவரை மெதுவாக நகர்த்திவிட்டு நான்கு தட்டுத் தட்டினாள். சம்பந்திகள் பிரிந்தார்கள். பூக்கடை வலது பக்கம் போய்ச் சேர்ந்தது.

"உர்சுலாவே இங்க இருக்கட்டும்," என்றார் ஃபாதர்.

"அதான் சரி," என்றார் இயேசுதாசன். "கடைக்காரங்களுக்கும் அற்புதம் முகம்தானே பழக்கம்."

எல்லாரும் காப்பிக்குக் கிளம்பினார்கள். அற்புதராஜ் அளவுகோலோடு அப்படியே நின்றார். தனசேகரன் பெட்டியை மூடிக்கொண்டே அவர் பக்கம் வந்தார்.

"அண்ணே, ரொம்ப நன்றி. உர்சுலா அக்கா ஏப்ரல்லயே வந்து பாத்துட்டாங்க. பிரிஜட் அக்கா வீட்டுக்காரரோட தஞ்சோங் பகார் ஆபீஸ்ல சொல்லி கோயிலுக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தரேன், புரோகிராம் உங்களுதுதான்னு சொன்னாங்க. 'நான் சொன்னா அவரு வேற வாங்குவாரு, அவரே தேடிக் கண்டுபிடிச்சு வரட்டும், மூணு கேள்வி கேப்பாரு, பதில் சொல்லுங்க'ன்னாங்க. நான் நம்பவே இல்லண்ணே."

அற்புதராஜ் திரும்பிப் பார்த்தார். உர்சுலா கைப்பையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து, நிதானமாகப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நாளைக்குக் கிளம்பறப்போ குடைய மறந்துடாதீங்க," என்றாள். "என் கயிறு தொண்ணூறு விளம்பரம்தான் தாங்கும். இது முந்நூறு தாங்குமாம்."