மேடு ஏறாத வண்டி

கிளம்புவதில் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. சாவியைத் திருப்பியதும் உறுமியது, தெருமுனை வரை சமர்த்தாக ஓடியது. மேட்டைக் கண்டதும்தான் மூச்சு வாங்கியது. சவாங் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தான். சத்தம் ஏறியதே தவிர வேகம் ஏறவில்லை. சைக்கிளில் ஐஸ் விற்றுக்கொண்டு போனவர் அவனைத் தாண்டிப் போய், அனுதாபமாக ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

பின்னால் வண்டி நிறைய டுரியான். மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் கொள்முதல் கொட்டகை. மறுநாள் சாயங்காலம் சீனாவுக்கு லாரி புறப்படுகிறது. அதற்குள் காய் போய்ச் சேராவிட்டால் பழுத்து வெடித்துவிடும்; வெடித்த பழத்தை ஏற்றுமதிக்காரன் காலால்கூடத் தொட மாட்டான். கிளறி அல்வா போடத்தான் ஆகும். வேறு வண்டி பிடிக்கலாம் என்றால் அறுவடைக் காலத்தில் தாய்லாந்தின் சந்தபுரியில் சும்மா நிற்கும் வண்டி ஏது?

சவாங் பாரத்தோடு வீடு திரும்பியதைப் பார்த்த மனைவி லம்யாய் நேரே அடுப்படிக்குப் போனாள். அல்வா கிளறும் பெரிய கடாயை எடுத்துக் கழுவி, அவன் கண்ணில் படும்படி முற்றத்தில் கவிழ்த்து வைத்தாள். ஒரு வருஷ உழைப்பு அந்தக் கடாய்க்குள் போக இருந்தது.

சோங்க்ரான் தண்ணீர்த் திருவிழா வரை வண்டி குதிரையாக ஓடியது. அதுதான் அவனுக்குப் புரியவில்லை. திருவிழாவன்று விகாரைக்கு வந்த வண்டிகளுக்கெல்லாம் பெரிய பிக்கு தீர்த்தம் தெளித்தார். அவர் மந்திரித்துக் கொடுத்த வெள்ளை மண் குழம்பைப் பக்தர்கள் வண்டிகளின் மேல் கை கொண்ட மட்டும் அப்பினார்கள். பௌர்ணமி வரை கழுவக் கூடாது என்பது உத்தரவு. வட்டாரத்தில் இருந்த பிக்கப் வண்டிகள் எல்லாம் மாவில் முக்கிய வாழைப்பழம் மாதிரி அலைந்துகொண்டிருந்தன. நம்பர் பலகையைப் படிக்க முடியாத போலீஸ்காரர், பிக்குவின் குழம்பு என்று தெரிந்ததும் கும்பிட்டுவிட்டு வழிவிட்டார்.

பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, சவாங் முதலில் தானே கையை வைத்தான். டீசல் ஃபில்டரைக் கழற்றிப் புதிது மாட்டினான், குழாயில் அடைத்த காற்றுப் போகக் கைப்பம்பை அமுக்கினான். பலன், அதுவரை தெருமுனை வரை ஓடிய வண்டி பாதித் தெருவிலேயே இளைத்தது.

மெக்கானிக் டூயைக் கூப்பிட்டான். டூய் பானெட்டைத் திறந்து பார்த்தான், முகர்ந்து பார்த்தான், ஒரு சிகரெட் முடியும் வரை யோசித்தான்.

"தண்ணி புகுந்திருக்கு அண்ணே."

"ஹாரன் தொண்டை கட்டின மாதிரி கத்துதேப்பா?"

"தண்ணிதான்."

"வேக முள் எந்திரிக்கவே இல்லையே?"

"தண்ணிதான் அண்ணே. பீப்பாய் பீப்பாயா ஊத்தினா சும்மாவா இருக்கும்?"

"சீட்டு முன்னாடி வந்து மாட்டிக்கிச்சு. முட்டி ஸ்டியரிங்ல இடிக்குது. அதுவுமா தண்ணி?"

"துருப் புடிச்சிருக்கும்."

"இந்த நாலஞ்சு நாளுக்குள்ளயா?"

"மந்திரிச்ச தண்ணி அண்ணே. வேகமாத்தான் வேலை செய்யும்."

டூய் டாங்கியைக் காலி செய்து கழுவினான். டர்போ குழாயைக் கழற்றித் துடைத்து மாட்டினான். அதன் பிறகு வண்டி கொதிக்கும் கெட்டில் போல விசிலடித்தது, கரும்புகை கக்கியது. கொடியில் காய்ந்த லம்யாயின் வெள்ளை ரவிக்கைகள் சாம்பல் நிறமாயின. அவள் வந்து கடாயை நிமிர்த்தி வைத்தாள்.

புகைக்குப் பாமாயில் நல்லது என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னாராம். சவாங் இருந்த குழப்பத்தில் அதையும் டாங்கியில் ஊற்றினான். புகை நின்றபாடில்லை, வாசனை மட்டும் மாறியது. பஜ்ஜிக் கடை நகர்ந்து போகிறது என்று நினைத்துத் தெரு நாய்கள் வண்டிக்குப் பின்னால் வந்தன. இப்போது முன் கியரில் வண்டி சமதளத்திலேயே திணறியது. ரிவர்ஸில் மட்டும் போயிற்று.

"ரிவர்ஸ்ல இழுவை ஜாஸ்தி அண்ணே. அப்படியே ஓட்டிக்கிட்டு இருங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்று டூய் சாப்பிடப் போனான்.

அன்று சாயங்காலம் லம்யாய் சந்தையிலிருந்து ஒரு சேதியோடு வந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் விச்சியன் என்று ஒருத்தனாம். பத்து வருஷமாக அவன் வண்டி மேடு ஏறினதே கிடையாதாம். பிக்கு தீர்த்தம் தெளித்ததிலிருந்து முழுப் பாரத்தோடு பறக்கிறதாம். அதைக் கேள்விப்பட்டு, சீக்கு வந்த டீசல் வண்டிகள் எல்லாம் விகாரையில் வரிசை கட்டி நிற்கின்றனவாம்.

"அதே சாமி, அதே தண்ணி. அவனுக்கு உசிரு வந்துச்சு, நமக்குப் போயிடுச்சு. ஏங்க, சாமி தெளிக்கும்போது நீங்க என்ன நெனச்சுக்கிட்டு நின்னீங்க?"

சவாங் டுரியான் விலையைத்தான் நினைத்துக்கொண்டு நின்றான். தப்பு தன்மேல்தானோ என்று அவனுக்கே உறுத்தியது. அந்த இரவு அவன் தூங்கவில்லை.

விடிந்ததும் விகாரைக்குக் கிளம்பினான். அதுவும் மேட்டின்மேல்தான் இருக்கிறது. கழுத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டு, ரிவர்ஸிலேயே, விசிலும் புகையும் நாய்களுமாக மேடேறினான். வழியில் நின்றவர்கள் இது ஏதோ புது வேண்டுதல் என்று நினைத்துக் கைகூப்பினார்கள். ஒருவர் தன் வண்டியையும் திருப்பிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

முற்றம் நிறைய வெள்ளை வண்டிகள். சவாங் வழக்கம்போல் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினான். அங்கே இடம் போதாது. இடைஞ்சலாக நிற்பதை, யாருடையதானாலும், கையில் அகப்பட்டவர் ஓட்டி நகர்த்தி வைப்பார்.

பெரிய பிக்குவின் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினான். டுரியான் விலையை நினைத்ததைக்கூட மறைக்கவில்லை. மத்தியானத்துக்குள் பாரம் ஏற்றாவிட்டால் எல்லாம் அல்வாதான் என்றும் சொன்னான்.

பிக்குவும் குழம்பித்தான் போயிருந்தார்.

"நான் எல்லாருக்கும் ஒரே தண்ணியத்தான்பா தெளிச்சேன். ஒண்ணு ஏன் பறக்குது, ஒண்ணு ஏன் படுக்குதுன்னு எனக்கே புரியல. அந்த விச்சியனை வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு வண்டியையும் பக்கத்துல நிறுத்திப் பார்த்துடுவோம்."

சொல்லி வாய் மூடவில்லை, மேட்டில் ஒரு வண்டி சீறிக்கொண்டு ஏறி வந்து நின்றது. கூட்டம் கைகூப்பியது. விச்சியன் மாலையும் கழுத்துமாக இறங்கினான். அவன் மனைவி, குள்ளமான கனத்த அம்மாள், பிக்குவுக்குக் கொண்டுவந்த சோற்றுக் கேரியரோடு பின்னால் இறங்கினாள். சவாங் அந்த வண்டியை ஏக்கத்தோடு பார்த்தான். தன் வண்டியும் ஒரு காலத்தில் இப்படித்தானே இருந்தது என்று நினைத்துக்கொண்டான்.

"உன் வண்டியக் கிளப்பு" என்றார் பிக்கு.

சவாங் ஏறிச் சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது, பிறகு வழக்கம்போல் மூச்சு வாங்கி, லொக்கு லொக்கென்று இருமியது.

கேரியரை நீட்டிக்கொண்டிருந்த அம்மாளின் கை அப்படியே நின்றது. அவள் திரும்பி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள், பானெட்டில் காதை வைத்துக் கேட்டாள், பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏங்க, இது நம்ம வண்டியோட இருமல். அப்போ இத்தனை நாளா நாம ஓட்டிக்கிட்டு இருக்கிறது யாரு வண்டி?"