மூன்று சக்கரம், மூன்று எலுமிச்சம்பழம்

ஒப்புக்கொள்கிறேன். எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான். எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள் என்பதால் முந்திக்கொண்டு நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் வைத்தது தப்பு என்று மட்டும் என் வாயிலிருந்து வராது.

என் மாமனார் விமானப்படையில் பதினைந்து வருடம் மெக்கானிக்காக இருந்தவர். 'நாட்' என்ற குட்டிப் போர் விமானத்தைக் கழற்றி மாட்டுவதுதான் வேலை. எங்கள் ஊர் ஜேடர்பாளையத்தில் யார் பார்த்தாலும், "நீங்க பிளேன் ஓட்டுனீங்களா?" என்பார்கள். "இல்லீங்க, ரிப்பேரு பாத்தேன்" என்பார். கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும். (மாமா முகமும்தான்.) எனக்கு அது பொறுக்கவில்லை. எழுபத்தைந்தாவது பிறந்த நாளுக்கு அந்த விமானத்தையே செய்து கொடுப்பது என்று கிளம்பினேன்.

ஒரு சாண் நீள பிளாஸ்டிக் மாடல். பெட்டியைத் திறந்தால் அரிசி நொய் மாதிரித் துணுக்குகள். இரண்டு மாதம் ஒட்டினேன். ஒரு தடவை கட்டைவிரலோடு இறக்கையும் ஒட்டிக்கொள்ள, அப்படியே தோசை சுட்டேன். "அம்மிணி, வாலு ஒரு நூலு சாஞ்சிருக்குது பாரு" என்று மாமா தினமும் குறை சொல்வார். கழற்றுவேன், மறுபடி ஒட்டுவேன். முடிந்ததும், கூட வேலை பார்த்த நான்கு பேருக்கு அவரே போன் போட்டார். "எங்க மருமக செஞ்சிருக்குது. ஆணி வரைக்கும் அசலு. வந்து பாருங்க!"

நான் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர் வீட்டுப் பெண். பூஜை போடாமல் எந்தப் புது வண்டியும் எங்கள் வாசலை விட்டு நகராது. ஆகவே விருந்தாளிகள் உட்கார்ந்ததும் விமானத்துக்குச் சந்தனம், குங்குமம், சூடம் எல்லாம் ஆயிற்று. பிறகு சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று பழம்.

"ஏம்புள்ள, அது பொம்ம" என்றார் வீட்டுக்காரர்.

"பொம்மைன்னா சக்கரம் எதுக்குங்க இருக்குது?" என்றேன்.

பொறுக்கியெடுத்த சின்னப் பழங்கள்தான். சக்கரமோ சுண்டைக்காயில் பாதி. விமானம் பழங்களின் மேல் ஒய்யாரமாக நின்றது, நசுக்கவில்லை. நசுங்காமல் விடுவேனா? அதன் முதுகில் கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினேன்.

மூன்று காலும் ஒடிந்தன. ஒரு சக்கரம் எகிறி ஒரு பெரியவரின் கேசரித் தட்டில் விழுந்தது. பழங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. நான்கு பேர் முன்னால் மாமாவின் பெருமையை என் கையாலேயே உடைத்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விமானத்தைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"ஏனப்பா, முழுசா இருக்கற பிளேனு நம்மகிட்ட எப்ப வந்துச்சு? காலொடிஞ்சு வயித்துல எறங்குனதத்தான அனுப்புவாங்க" என்றார் நண்பர்களிடம். "அம்மிணி, அந்தப் பசைய எடு."

ஐந்து கிழவர்களும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். இடது கால் முதலிலா, வலது கால் முதலிலா என்று சண்டை. இலை போட்டு மூன்று முறை கூப்பிட்டேன், ஒருவரும் எழவில்லை. கேசரிச் சக்கரத்தைக் கழுவித் துடைத்து மாட்டினார்கள். மாமா அத்தனை சத்தமாகச் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. எனக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

விமானம் இப்போது ஷோகேஸில் ஒரு காலை லேசாக நொண்டிக்கொண்டு நிற்கிறது. சொந்தத்தில் யார் புது வண்டி எடுத்தாலும் மாமா வாசலில் நின்று கத்துவார். "அம்மிணி வாரதுக்குள்ள வண்டிய எடுத்துட்டு ஓடிருங்க!"

எல்லாரும் சிரிப்பார்கள். நன்றாகச் சிரிக்கட்டும். பூஜை போட்ட நாளிலிருந்து அந்த விமானத்துக்கு ஒரு விபத்தாவது நடந்திருக்கிறதா?