சம்பந்தியோடு பதினெட்டுக் குழி

"எண்பத்தெட்டுன்னு எந்த வாயால சொன்னீங்க?"

"என் வாயாலதான். வேற யார் வாயால சொல்றது?"

"ஊர்ல உள்ளவங்க வாயெல்லாம் அடைக்கிறீங்க. உங்க வாயை அடைக்கத்தான் ஒரு ஆள் இல்ல."

பல் டாக்டர் வீட்டுச் சண்டை மூன்றாவது மாடியில் தொடங்கினால் தரைத்தளம் வரைக்கும் ஒரு சொல் சிந்தாமல் வந்து சேரும். டாக்டரின் மனைவி கல்லூரி நூலகர். பகல் முழுக்க மற்றவர்களைச் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லும் உத்தியோகம். தான் போடாமல் சேர்த்து வைத்த சத்தத்தை எங்கேதான் கொண்டுபோய் வைப்பார், பாவம்.

சண்டைக்குக் காரணம் கோல்ஃப். விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பரந்த புல்வெளியில் பதினெட்டுக் குழிகள். மட்டையால் பந்தை அடித்து ஒவ்வொரு குழியிலும் விழச் செய்ய வேண்டும். மொத்தத்தில் யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவர் கெட்டிக்காரர். எண்பத்தெட்டு அடி என்றால் நல்ல ஆட்டக்காரர் என்று அர்த்தம். நம் டாக்டர் நூற்று முப்பதுக்குக் கீழே முடித்ததாகச் சரித்திரம் இல்லை. அதுவும் புதருக்குள் நின்று அடித்ததையெல்லாம் அவர் எண்ணுவதே இல்லை.

முந்தைய நாள் மாலை அவர்கள் வீட்டுக்கு டைல்ஸ் கடைக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். டாக்டரின் மகளும் டைல்ஸ்காரரின் மகனும் இரண்டு வருடமாகப் பழகுகிறார்கள். அதைக் கல்யாணமாக்கிப் பேசத்தான் வந்தார்கள். வந்த இடத்தில் கூடத்து மூலையில் சாய்த்து வைத்திருந்த கோல்ஃப் பை டைல்ஸ்காரரின் கண்ணில் பட்டுவிட்டது. அவருக்கும் அதே பைத்தியம். "நீங்க எத்தனையில முடிப்பீங்க?" என்று கேட்டார். டாக்டர் வாயைத் திறந்தார். எண்பத்தெட்டு வந்து விழுந்தது.

டைல்ஸ்காரரின் கையிலிருந்த டீக்கோப்பை பாதி வழியில் நின்றது. முகம் ஒரு மாதிரி ஆனது. அதை மரியாதை என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு டைல்ஸ்காரர் சொன்னார்: "நாலு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை ஒரு ஆட்டம் போட்டுடலாம் டாக்டர். கூட ஆடினாத்தான் ஆளைத் தெரியும். மத்த பேச்செல்லாம் அதுக்கப்புறம் வச்சுக்கலாம்."

ஆகக் கல்யாணப் பேச்சு பதினெட்டாவது குழியில் போய் நின்றுகொண்டது.

மகள் இதில் கறாரானவள். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்வது, பெரியவர்களை மிரட்டிச் சம்மதிக்க வைப்பது எல்லாம் அவளுக்குப் பிடிக்காது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சிரித்த முகமாகச் சரி என்றால்தான் கல்யாணம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மணமேடையில் நிற்கும் மாமனார் அவளுக்கு வேண்டாமாம்.

"இப்பவே ஃபோன் போட்டு, வாய் தவறிச் சொல்லிட்டேன்னு சொல்லிடுங்க" என்றார் நூலகர்.

"நாலு வாரம் இருக்கும்மா. எண்பத்தெட்டை நிஜமாக்கிட்டா அது பொய்யே இல்ல."

இப்படிப்பட்ட தர்க்கத்துக்குப் பதில் சொல்ல எந்த நூலகத்திலும் புத்தகம் கிடையாது. நூலகர் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களோடு பேச ஆரம்பித்தார்.

மறுநாள் மகள் வருங்கால மாமியாரோடு கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, இந்த நாலு வாரமும் உங்க உடம்பு என் பொறுப்பு" என்றாள். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். விழுந்து எழுந்தவர்களை நடக்க வைப்பவள். இவரை அடிக்க வைக்க மாட்டாளா? டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டரின் ஆட்டத்தைப் பற்றி நாம் என்ன கேலி பேசினாலும், அவருக்கு அதில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை. வாரத்தில் ஆறு நாள் இரண்டு அங்குல வாய்க்குள் குனிந்து வேலை. ஏழாவது நாள் கண்ணுக்கு எட்டிய தூரம் புல். ஒரு காலைப்பொழுதில் நூற்று முப்பது அடியில் ஒரே ஒரு அடி சரியாக விழும். பந்து வானத்தில் வளைந்து போகும்போது அவர் சின்னப் பையன் மாதிரி நுனிக்காலில் எம்பி நிற்பார். அந்த ஒரு அடியைப் பற்றித் திங்கட்கிழமை முதல் சனிக்கிழமை வரை நோயாளிகளிடம் சொல்வார். வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருப்பவர்கள் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்கள்?

மகளின் வைத்தியம் கழுத்தில் தொடங்கியது. அடிக்கிற நேரத்தில் அப்பாவின் தலை மேலே தூக்குகிறது என்று கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கழுத்துப் பட்டை ஒன்று கொண்டுவந்து மாட்டிவிட்டாள். தூங்கும்போது தவிர வேறெப்போதும் கழற்றக் கூடாது.

தலை அசையவில்லை, உண்மைதான். ஆனால் பட்டை போட்டவர் குனிய முடியாது. காலடியில் இருக்கும் பந்தைப் பார்க்க டாக்டர் நாலடி பின்னால் நகர வேண்டியிருந்தது. அங்கிருந்து மட்டை எட்டவில்லை. ஞாபகத்தை வைத்து அடித்தார். புல் பறந்தது. பந்து வலதுபக்கம் ஓடி ஒளிந்துகொண்டது. கிளினிக்கிலோ வேறு கதை. டாக்டருக்குப் பெரிய விபத்து என்று தெருவில் பேச்சுக் கிளம்பி, இரண்டு பேர் பூங்கொத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது ஆள், கழுத்து சரியாகட்டும் டாக்டர், அப்புறம் வருகிறேன் என்று ஆடுகிற பல்லோடு திரும்பிப் போய்விட்டார்.

பந்து ஏன் வலதுபக்கம் போகிறது? இடது காலில் வலு இல்லை. மகளின் அடுத்த தீர்ப்பு அது. தினமும் மூன்று மணி நேரம் இடது காலில் மட்டும் நிற்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு டாக்டர் எங்கே போவார்? நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தையே எடுத்துக்கொண்டார். துளை போடும் மிஷினை ஓட்டும் மிதி தரையில் வலதுபக்கம் இருந்தது. இடது காலில் நின்று, வலது காலால் மிதித்து, கழுத்துப் பட்டையோடு அவர் சாய்ந்து வருவதைக் கீழிருந்து பார்த்த ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி, எழுந்து உட்கார்ந்து, வலி போய்விட்டது என்றாராம். அன்றிலிருந்து நர்ஸம்மா பின்னால் நின்று டாக்டரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தன் வேலை விவரத்தில் இது இல்லை என்று நூலகரிடம் ஃபோனில் குறைபட்டுக்கொண்டார்.

"ஒரு மனுஷன் பல் பிடுங்குறதுக்கு இன்னொரு மனுஷி இடுப்பைப் பிடிக்கணுமா?" என்று நூலகர் கத்தினார்.

"எல்லாம் நம்ம பொண்ணுக்காகத்தானே" என்றார் டாக்டர்.

அதற்குமேல் சண்டை போட முடியவில்லை. நூலகருக்கு மகள்மேல்தான் கோபம் வந்தது. அவளைக் கூப்பிட்டு, உங்கப்பா முன்னைவிட மோசமாகிக்கொண்டு போகிறார் போலிருக்கிறதே என்று விசாரித்தார். பழக்கம் மாறும்போது முதலில் அப்படித்தான் இருக்கும் என்று மகள் சாந்தமாகச் சொன்னாள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் சாந்தமாகச் சொன்னால் யாருக்குத்தான் மறுத்துப் பேச வரும்?

கோல்ஃப் கிளப்பில் டாக்டருக்கு ஒரு பயிற்சியாளர் உண்டு. ஒரு காலத்தில் கோப்பைகள் வாங்கியவர். வார்த்தைகளை அளந்து பேசுபவர். மூன்றாவது வாரம் டாக்டர் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர், போன மாசம் நீங்க நல்லா ஆடல. ஆனா இப்பப் பாத்தா, போன மாசம் நல்லாத்தான் ஆடியிருக்கீங்க."

டாக்டர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. யோசித்தார். மட்டையைப் பிடிக்கிற பிடியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார். பிடியைச் சரிசெய்யத் தன் தொழிலிலேயே வழி இருப்பது திடீரென்று புலப்பட்டது. பல் செட்டு செய்ய வாயை எப்படி அச்சு எடுக்கிறோமோ, அப்படியே பயிற்சியாளரின் கைப்பிடியை அச்சு எடுத்துவிட்டால்?

பயிற்சியாளரைக் கிளினிக்குக்கு வரவழைத்து, ஒரு மட்டையைச் சரியாகப் பிடிக்கச் சொல்லி, அச்சுப் பசையை அவர் இரண்டு கையிலும் அப்பினார். பசை இறுகுகிற வரைக்கும் பயிற்சியாளர் மூக்கு அரிக்கிறது என்றார். நர்ஸம்மா சொறிந்துவிட்டார். அதுவும் அவர் வேலை விவரத்தில் இல்லை. மூன்று நாளில் பல் செட்டு செய்கிற அதே பொருளில் கைப்பிடி தயார். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம். நிறம், ஈறு நிறம்.

ஒரே ஒரு சங்கதி. பயிற்சியாளர் இடதுகை ஆட்டக்காரர். வலது கை மேலே, இடது கை கீழே என்று டாக்டருக்கு நேர்மாறாகப் பிடிப்பவர். ஏழு மாதம் எதிரெதிரே நின்று பழகியும் டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. எதிரே நிற்பவர் கண்ணாடிப் பிம்பம் போலத் தன்னைப் போலவே அசைந்தால் யாருக்கு உறைக்கும்? அதுவும் முப்பது வருடமாக உலகத்தைச் சின்னக் கண்ணாடியில் இடவலம் மாறிப் பார்த்தே வேலை செய்தவருக்கு?

புதுப் பிடியில் கை எங்கோ முறுக்கிக்கொண்டு நின்றது. மகள் வாங்கிப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, உங்க கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. டைல்ஸ்காரர் மனைவியோடும் மகனோடும் வந்திருந்தார். இந்தப் பக்கம் டாக்டர், நூலகர். டாக்டரின் பையை மகளே இழுத்துக்கொண்டு நடந்தாள். கழுத்துப் பட்டையோடு சம்பந்தம் பேசக் கூடாது என்று நூலகர் காரிலேயே அதைப் பிடுங்கி வைத்துவிட்டார். டாக்டர் பையிலிருந்து மட்டையை உருவியதும் கிளப் மேற்பார்வையாளர் கிட்டே வந்து பார்த்தார்.

"இது என்ன சார், ஈறு மாதிரி? இதெல்லாம் விதியில கிடையாது. கழட்டிடுங்க."

நாலு வார உழைப்பு நாலு நொடியில் பறிபோனது. டாக்டர் வெறும் மட்டையைக் கையில் பிடித்து, ஆனது ஆகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்.

பந்து நேராகப் போனது. உயரமாக, அழகாக, போய்க்கொண்டே இருந்தது. டாக்டர் நுனிக்காலில் எம்பி நின்றார்.

முதல் மூன்று குழிகளில் டைல்ஸ்காரரைவிட டாக்டருக்கு நாலு அடி குறைவு. அவருக்கே நம்ப முடியவில்லை. உள்ளே ஒரு எண்பத்தெட்டு இத்தனை நாள் ஒளிந்திருந்திருக்கிறது போலும். டைல்ஸ்காரர் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். மகனிடம் மட்டையைக் கேட்கும்போதுகூட விரலை நீட்டிக் காட்டினார். இரண்டு பெண்மணிகளும் பேசிக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

நாலாவது குழியில் மகள் அப்பாவின் காதோரம் வந்தாள். "அப்பா, இடது தோளை இறக்குங்க. முட்டியை உள்ள மடக்குங்க. மூச்சை எண்ணிக்கிட்டே அடிங்க."

டாக்டர் தோளை இறக்கினார், முட்டியை மடக்கினார், மூச்சை எண்ணினார். பந்தை அடிக்க வேண்டும் என்பது ஏழாவது மூச்சில்தான் ஞாபகம் வந்தது. பந்து குளத்தில் விழுந்தது. இன்னொன்று வைத்தார். அதுவும் குளத்தில். மகள் குழிக்குக் குழி புதிதாக ஒன்று சொல்லிக்கொண்டே வந்தாள். பத்தாவது குழியில் டாக்டர் புதருக்குள் போனார்; குரல் மட்டும் வெளியே கேட்டது. இந்த முறை எல்லா அடியையும் டைல்ஸ்காரர் வெளியே நின்று உரக்க எண்ணினார்.

முடிவில் டைல்ஸ்காரர் நூற்று ஒன்பது. டாக்டர் நூற்று முப்பத்தேழு.

பதினெட்டாவது குழிக்குப் பக்கத்தில் டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மகள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. "நான் பொய் சொன்னேன் சார். எண்பத்தெட்டெல்லாம் கிடையாது. என் ஆட்டமே இவ்வளவுதான். இதை வச்சு என் பொண்ணை எடை போட்டுடாதீங்க" என்றார். நூலகர்கூட, கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

டைல்ஸ்காரர் ஒரு நொடி பார்த்தார். பிறகு முகமெல்லாம் பல்லாகி, ஓடிவந்து டாக்டரைக் கட்டிக்கொண்டார்.

"இப்படி ஒரு மனுஷனைத்தான் தேடிக்கிட்டிருந்தேன், சம்பந்தி" என்றார்.

உண்மையைச் சொன்னதால்தான் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார். அதன்பிறகு ஆறு மாதம், வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருந்தவர்கள் எல்லோரும் வாய்மையின் மகிமையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டியதாயிற்று.

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. மாமனார் மணமேடையில் சிரித்த சிரிப்பு படம் எடுத்தவருக்கே அலுத்துவிட்டது. மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை கிடைத்து, இரண்டு பேரும் குடித்தனத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நர்ஸம்மா வேறு டாக்டரிடம் சேர்ந்துவிட்டார். அங்கே நர்ஸ் வேலை மட்டும்தானாம். சம்பந்திகள் இருவரும் ஞாயிறு தவறாமல் சேர்ந்து ஆடினார்கள். தோளைப் பற்றியும் முட்டியைப் பற்றியும் சொல்ல யாரும் இல்லாததாலோ என்னவோ, டாக்டரின் ஆட்டம் தன்பாட்டுக்குத் தேற ஆரம்பித்தது. நூற்று இருபத்திரண்டு. நூற்றுப் பதினாறு. போன வாரம் நூற்றுப் பத்து.

புருஷனைப் புகழ்ந்தே பழக்கமில்லாத நூலகர், அன்று சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தபோது இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். இன்னும் ஒரே ஒரு அடிதான் பாக்கி, அடுத்த வாரம் சம்பந்தியின் நூற்று ஒன்பதை எட்டிப் பிடித்துவிடுவார் என்றார். டைல்ஸ்காரரின் மனைவி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, நூலகத்தில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணி, உடனே பொண்ணை ஒரு வாரம் லீவு போட்டு வரச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி எங்க பையனுக்குப் பேசின மூணு இடமும் தட்டிப்போனது, அந்த அப்பாமார் மூணு பேரும் இவரை ஆட்டத்துல ஜெயிச்சதாலதான். அதனாலதான் அன்னிக்குக் கடைத்தெருவுல வச்சு, உங்கப்பாவுக்கு நீயே பயிற்சி குடும்மான்னு அவகிட்ட சொன்னேன்."