பன்னிரண்டாயிரம் வேட்டிகளும் ஒரு குடும்ப வண்டியும்

இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இன்று சாயங்காலத்துக்குள் உதிரட்டும். நான்காவது ஒன்று இருந்தது. அது போன மாதம் வேறு காரணத்தால் விழுந்தது.

மேலைக்கரடு என்றொரு நாடு. அதை ஆண்டவர் மகாராஜா அகண்டவர்மர். அவருக்குக் கடல் தாண்டி ஒரு குடும்ப வண்டி வந்து இறங்கியது. ஏழு இருக்கை, எல்லாம் கன்றுக்குட்டித் தோல். உள்ளே மார்கழிக் குளிர் அடிக்கும். முதுகு வலித்தால் இருக்கையே பிடித்துவிடும். மகாராஜா ஏறுவதற்கு ஒரு முக்காலியும், அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேரும் வேண்டும். அவ்வளவு உயரம்.

வண்டி கடலை எண்ணெயில் ஓடும். லிட்டருக்குப் பதினான்கு மைல் என்று விற்றவன் ஓலையில் எழுதிக் கொடுத்திருந்தான். அடியில் பொடி எழுத்தில், 'இறக்கத்தில், ஆள் இல்லாமல், பின்காற்று வீசும்போது' என்றிருந்தது. ஆளோடு போனால் ஒரு மைல்தான். மகாராணி தினமும் அதில் நந்தவனம் போய்ப் பூப்பறித்து வருவார். நந்தவனம் அரண்மனைப் பின்வாசலிலேயே இருந்தது. சுற்றுச் சாலை போட்டு அதை ஆறு மைல் ஆக்கினார்கள். ஏறும்போது உள்ளே சூடாக இருக்கக்கூடாது என்பதற்காக, நிற்கும் நேரத்திலும் வண்டியை அணைப்பதில்லை.

அந்த நாட்டில் புகைச் சட்டம் ஒன்று உண்டு. வண்டியின் புகைக்குழாய்க்குப் பின்னால் வெளுத்த வேட்டியைப் பிடிக்க வேண்டும். நூறு எண்ணி முடிப்பதற்குள் வேட்டி கறுத்தால் வண்டியை உடைத்துக் கொல்லன் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அரசனே ஆனாலும் விலக்கில்லை என்று கடைசி வரி சொன்னது. அதை எழுதியபோது மகாராஜாவிடம் வண்டி இல்லை. குடிமக்களின் ஸ்கூட்டர்களில் பாதி அந்தச் சட்டத்தில் போயிற்று. வடைக்கடை பவுனம்மாளின் ஸ்கூட்டரும் அதில் ஒன்று. அன்று முதல் மாவு அண்டாவைத் தலையில் சுமந்தாள்.

புகைப் பரிசோதகர் தீர்த்தகிரி நேர்மையான மனிதர். மகாராஜாவின் வண்டிக்குப் பின்னாலும் வேட்டியைப் பிடித்தார். பத்து எண்ணுவதற்குள் வேட்டி கறுத்தது. இருபதில் தீர்த்தகிரியும் கறுத்தார். மந்திரி நயனப்பர் வந்து பார்த்தார்.

"பரிசோதகரே, இது என்ன நிறம்?"

"கறுப்புங்க."

"அவசரப்படாதீர். இது குடும்ப வண்டி. ஏழு பேருக்குரிய புகையை ஒற்றை வேட்டியின் தலையில் கட்டினால் அது என்ன செய்யும்? ஆளுக்கொரு வேட்டி என்பதே நீதி. கடைசி வேட்டியைப் பார்த்துச் சொல்லும்."

ஏழு வேட்டிகளை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வரிசையில் பிடித்தார்கள். ஏழாவதும் கறுத்தது. "கொஞ்சம் பழுப்பு கலந்த கறுப்புங்க" என்றார் தீர்த்தகிரி, தன்னால் முடிந்த உதவியாக.

மறுநாள் காலை முரசு அறைந்தார்கள். மகாராஜா குடிகளைத் தம் பிள்ளைகளாகவே கருதுவதால், இன்று முதல் நாட்டின் பன்னிரண்டாயிரம் வீட்டாரும் அரச குடும்பமே. கேட்டவர்களில் சிலர் நெகிழ்ந்து அழுதார்கள். மதியம் சேவகர்கள் வந்து வீட்டுக்கொரு வேட்டி வாங்கிப் போனபோது அழுகை நின்றது.

வேட்டி வரிசை ஊரைத் தாண்டி, ஏரியைத் தாண்டி, எல்லைக் கல்லையும் தாண்டிப் பக்கத்து நாட்டுக்குள் போய்விட்டது. ஆண்கள் இடுப்பில் துண்டோடு நின்று பிடித்தார்கள். கடைசி வேட்டி பால்போல இருந்தது. தீர்த்தகிரி குதிரையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 'வெள்ளை' என்று சான்றிதழ் எழுதினார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று சொல்கிறார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். குடும்ப வண்டிக்குக் குடும்பத்தாரே எண்ணெய் ஊற்றுவதுதான் முறை என்று மந்திரிக்குத் தோன்றிவிட்டது. வீட்டுக்குத் தினம் ஒரு கரண்டி. பலகாரக் கடைக்கு ஒரு சட்டி. பவுனம்மாளின் வாணலி காய்ந்தது. மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. நான்காம் நாள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு அரண்மனை வாசலுக்குப் போனாள்.

"எங்கம்மா போற?" என்றான் காவலன்.

"வண்டியில ஏறத்தான்."

"ஒன்னய யாரு கூப்ட்டா?"

"எங்க குடும்ப வண்டியில ஏற எவன்யா கூப்புடணும்? எண்ண கேக்குறப்ப சொந்தம், ஏறுறப்ப நான் யாரோவா? தள்ளு. சன்னலோரம் எனக்கு."

காவலன் கொஞ்சம் யோசித்தான். அவன் வீட்டிலும் தினம் ஒரு கரண்டி போய்க்கொண்டிருந்தது. "அக்கா, அப்ப நானும் வரலாமா?"

பொழுது சாய்வதற்குள் நாடே வாசலில் நின்றது, சிலர் கட்டுச்சோற்றோடு. நீங்கள் குடும்பம் இல்லை, போங்கள் என்று மந்திரி விரட்ட முடியாது. விரட்டினால் வேட்டி ஏழாகும், வண்டி பட்டறைக்குப் போகும். ஆகவே எல்லோருக்கும் முறைச்சீட்டு கொடுத்தார். முதலில் அரசர் கிளை, அடுத்து அரசியார் கிளை, பிறகு மற்றவர்கள். பவுனம்மாளின் முறை எண்பத்து மூன்று வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமையில் விழுந்தது.

"மகிழ்ச்சிதானே, அம்மணி?" என்றார் மந்திரி.

"ரொம்பங்க. அந்தச் செவ்வாக்கெழம வர்றப்ப எண்ணயும் கையோட கொண்டாந்துடறேன். ஏறுற அன்னைக்கு ஊத்துறதுதானே மொற."

மந்திரி வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் தத்தம் சீட்டில் தேதியைப் பார்த்தார்கள். மறுநாள் ஒரு கரண்டி எண்ணெய்கூட வரவில்லை. பவுனம்மாள் அடுப்பை மூட்டினாள். வடை மணம் அரண்மனை வரை போயிற்று. வண்டி, உள்ளே மகாராணியோடு, நந்தவனத்துக்கு இரண்டு மைல் முன்னால் நின்றுவிட்டது.

மீண்டும் முரசு. எண்ணெய் தர இயலாத குடும்பத்தார் கை தந்தால் போதும்.

அன்று முதல் வண்டியைத் தள்ளுகிறார்கள், ஒரு நேரத்துக்கு இருநூறு பேர். தீர்த்தகிரி ஒரே ஒரு வேட்டியைப் பிடித்து நூறு எண்ணினார். நம்பாமல் இன்னொரு நூறும் எண்ணினார். வேட்டி வெள்ளை. ஓட்டும் செலவு பூஜ்யம், புகையும் பூஜ்யம் என்று வெளிநாட்டுத் தூதர்கள் வியந்து மகாராஜாவுக்குப் பதக்கம் குத்தினார்கள். தள்ளியவர்களுக்கு அவரவர் கறுத்த வேட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள், தலைக்குக் கட்டிக்கொள்ள.

பவுனம்மாளுக்குக் காலைமுறை, பின்பக்கத்து இடது சக்கரம். ஒருநாள் மேட்டில் தள்ளும்போது கண்ணாடி இறங்கியது. மகாராஜா எட்டிப் பார்த்தார்.

"வடை சுடுகிறவள் நீதானே?"

"ஆமாங்க."

"முன்பெல்லாம் காலையில் மணம் வரும். இப்போது ஏன் வருவதில்லை?"

"தள்ளிக்கிட்டு இருக்கேங்க."

"நல்லது. சீக்கிரம் தள்ளிவிட்டுப் போய்ச் சுடு." கண்ணாடி ஏறிக்கொண்டது.

நடந்தது இவ்வளவுதான். பற்களை நினைத்து ஒன்றைமட்டும் சொல்லிவிடுகிறேன்: மேலைக்கரட்டில் ராஜா என்று ஒருவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அங்கே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல்தான் நடக்கிறது.